காலரில் ஒரு தட்டு

பெரியவளுக்கு அந்த மெக்கானிக்கைப் பிடிக்காது என்பது அந்தச் சலவைக் கடையின் சுவருக்குக்கூடத் தெரியும். அவன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் போன கையோடு, அவன் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். "இந்த ஆளு வந்துட்டுப் போனா கடை பூரா கிரீஸ் வாசம். துவைச்சதையெல்லாம் மறுபடி துவைக்கணும் போல இருக்கு" என்று அவன் வாசலைத் தாண்டும் முன்பே சொல்வாள். அவன் காதில் விழும். விழட்டும் என்றுதானே சொல்வது!

பிடிக்காவிட்டால் என்ன செய்வது, மெஷின்கள் அவன் பேச்சைத்தான் கேட்டன. கடையின் பின்கட்டில் துவைக்கிற மெஷின்களும், ஆள் உயரத்துக்கு ஒரு டிரையரும் இருந்தன. எல்லாம் அப்பா காலத்தில் பழையதாக வாங்கிப் போட்டவை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், மெஷின்கள் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தன. முன்பக்கம் கவுன்டரில் அம்மா உட்கார்ந்திருப்பாள். வருகிற துணிக்கு நம்பர் குத்துவது, துணியோடு வருகிற கதைகளைக் கேட்டு வைத்துக்கொள்வது, இரண்டும் அவள் வேலை. நடு அறையில் எதிரெதிராக இரண்டு தேய்க்கிற மேஜை. சுவர்ப்பக்கம் பெரியவள், ஜன்னல்பக்கம் அவள் தங்கை சின்னவள். குடியிருப்பது மாடியில்.

ஜன்னலடியில் தையல் மெஷின் போட்டு, பட்டன் போன சட்டைக்குப் பட்டனும் பிரிந்த ஓரத்துக்குத் தையலும் போடுகிறவள் ஒருத்தி உண்டு. அந்தக் குடும்பத்துக்கு உறவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பட்டன் அக்கா இல்லாமல் அங்கே ஒரு காரியம் நடக்காது. அந்த வாய்க்குப் பயந்தே பாதிக் காரியம் நடக்கும்.

அக்காவும் தங்கையும் ஒரே அப்பாவிடம் தொழில் பழகியவர்கள்தான், ஆனால் கை வேறு வேறு. பெரியவள் சட்டையைக் கவிழ்த்துப் போட்டு, கைகள் இரண்டையும் முதுகுப் பக்கம் மடக்கி, ஒரு கையின் பட்டியை இன்னொரு கையின் பட்டிக்குள் செருகிவிடுவாள். "திருடனைப் பிடிச்சுப் பின்னால கை கட்டின மாதிரி" என்பாள் பட்டன் அக்கா. சின்னவள் கைகளை நேராக இறக்கி விட்டு, அடிநுனியை மேலே மடித்து, திருப்பிப் போட்டு, கடைசியில் காலரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற தட்டு. மொத்தமாகத் துணி போடுகிற லாட்ஜ்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் அந்தத் தட்டு தட்டாமல் அடுத்த சட்டையை எடுக்கமாட்டாள். வாடிக்கைக்காரர்களே பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, இது பெரியவ கை, இது சின்னவ கை என்று சொல்லிவிடுவார்கள்.

மெக்கானிக் முதலில் கேட்டது பெரியவளைத்தான். நேரில் கேட்கத் தைரியம் இல்லாமல் பட்டன் அக்காவைத் தூது விட்டான்.

"நல்ல பையன்டி. குடி கிடையாது, கூத்து கிடையாது. உன்னையே நெனச்சிட்டு இருக்கான்."

"நெனைக்கட்டும். நானா வேணாம்னேன்?"

"நெனைக்கிறதுக்கா அவன் என்கிட்ட வந்தான்? கட்டிக்கிறியான்னு கேக்கறான்."

"அந்த ஆளு நகத்தைப் பாத்திருக்கியா அக்கா? அந்தக் கையால ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாக்கூட நான் வாங்கிக் குடிக்க மாட்டேன். போய்ச் சொல்லு."

"அப்படியேவா சொல்றது?"

"அப்படியே சொல்லு."

பட்டன் அக்காவுக்குப் பூசி மெழுகத் தெரியாது, அப்படியே போய்ச் சொன்னாள். கேட்டவன் தன் நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம்.

இதை வைத்து, பெரியவளுக்கு ஆம்பிளை வாடையே ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தி ஒரு மருந்துக்கடைக்காரன் கதை இருக்கிறது. அவன் கடையைத் தாண்டித்தான் அவள் வருஷக்கணக்காகப் போய் வந்துகொண்டிருந்தாள், அவனுக்கு மூக்கு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்ததில்லை. ஒருநாள் கூடப் படித்த சிநேகிதி வந்து, இவரைத்தான் எனக்குப் பேசியிருக்கு என்று போட்டோவைக் காட்டினாள். மறுநாளிலிருந்து பெரியவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. தினம் ஒரு மாத்திரை, தினம் ஒரு சிரிப்பு, தினம் ஒரு சந்தேகம். 'சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?' அவன் ஆடிப்போய், சிநேகிதி வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு இவள் கடை வாசலில் வந்து நின்றான். பெரியவள் ஏற இறங்கப் பார்த்தாள். அன்றோடு தலைவலி போய்விட்டது.

பட்டன் அக்கா அன்றைக்கு அவளைச் சும்மா விடவில்லை.

"உனக்கு என்னதான்டி வேணும்? ஒண்டியா இருக்கறவன் கண்ணுக்குத் தெரியமாட்டேங்கறான். எவளாவது கையப் புடிச்சிட்டா மட்டும் பளிச்சுனு தெரியறான்."

"ஒருத்தி பாத்து, பழகி, சரின்னு சொல்லியிருக்கா இல்ல? அப்ப அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம். நீயும் கூட்டம் இருக்கற கடைலதானே டீ குடிக்கற?"

"கூட்டம் இருக்கற கடைல குடிக்கலாம்டி. பக்கத்துல ஒருத்தி குடிச்சிட்டு இருக்கற டம்ளரையா புடுங்குவாங்க?"

பெரியவள் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைத்து அழுத்தினாள்.

அவள் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தன் தட்டில் இருக்கிற முட்டை வெறும் முட்டை, தங்கை தட்டில் இருக்கிற முட்டை பெரிய முட்டை. அழுவாள். "குடுத்துடுடி, அவ ஓயமாட்டா" என்பாள் அம்மா. சின்னவள் கொடுத்துவிடுவாள். வாங்கிப் பாதி தின்றுவிட்டு மீதியை ஒதுக்குவாள் பெரியவள். ஒதுக்கினதை எடுத்துச் சின்னவள் தின்பாள். இப்படியே இருவரும் வளர்ந்துவிட்டார்கள்.

சரி, மெக்கானிக்கிடம் வருவோம். தண்ணிகூடக் குடிக்கமாட்டேன் என்று சொன்ன வீட்டுக்கு அவன் வராமலே இருந்திருக்கலாம், ஆனால் டிரையர் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வருவான், வேலையை முடித்துத் தலையைக் குனிந்துகொண்டே போவான். மெஷினுக்குள் தலையை விட்டிருக்கிறவனுக்கு யாராவது டார்ச் பிடிக்க வேண்டுமே. பெரியவள் மாட்டேன் என்றாள். சின்னவள் பிடித்தாள். டார்ச் பிடித்தவள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் டீயும் கொடுத்தாள். ஒரு நாள் பின்கட்டிலிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த ஆளுக்குச் சிரிக்கக்கூட வருமா என்று பெரியவள் கையை நிறுத்திக் கேட்டாள்.

அம்மாவுக்கும் சந்தோஷம்தான். "இனிமே ரிப்பேர்க் கவலை விட்டுச்சு" என்றாள். அவனுக்குச் சின்னவளைப் பேசி முடித்தார்கள். மழைக்காலம் போனதும் கல்யாணம். 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அதுவரைக்கும் பெரியவளுக்கு ஒன்றும் இல்லை. வினை வேறொரு நாள் வந்தது. அவன் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். சின்னவள் காலர் தேய்க்கிற பிரஷை எடுத்துப்போய், "நீட்டுங்க கைய" என்றாள். நீட்டினான். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகத்தில் இருந்த கறுப்பைத் தேய்த்தாள். "வலிக்குதுடி" என்றான். "வலிக்கட்டும், எங்க அக்காவே மெச்சணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் தலையை உயர்த்திச் சின்னவளை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், பெரியவள் தன் மேஜையிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி ஒரு பார்வை. அதுதான் தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமாக அது தனக்கு வர வேண்டியதுதானே, முதலில் கேட்டது தன்னைத்தானே! கருகின வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் குனிந்தாள். தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் கை ஒரு துணியைக் கருக்கியதில்லை.

அப்புறம் எதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது. அவன் சட்டை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தன் துணியை இந்தக் கடையில் போடமாட்டான், அது அவன் வைத்திருந்த ஒரு வைராக்கியம். "கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் வீட்ல அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கறதா, நல்லா இருக்குமா அத்தை?" என்று கேட்பான். ஸ்பேர்பார்ட்ஸ் கடை மாடியில் ஒரு அறையில் இருந்தான். தானே கசக்கி, தானே உலர்த்தி, சுருக்கமும் கிருக்கமுமாகப் போட்டுக்கொண்டு வருவான். சின்னவளுக்கு அது பொறுக்கவில்லை.

"தேய்க்கத்தான் தெரியாது, மடிச்சு வைக்கவாவது கத்துக்குங்க. இங்க வாங்க."

ஜன்னல் மேஜைப் பக்கம் அவனை நிறுத்தி ஒரு லாட்ஜ்காரன் சட்டையைக் கொடுத்தாள்.

"கைய அப்படி முறுக்காதீங்க, அது என்ன நட்டா? நேரா இறக்குங்க. ம்... இப்ப அடியை மேல மடிங்க. திருப்பிப் போடுங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"காலரைத் தட்டலையே."

"அது எதுக்கு?"

"தட்டலைன்னா அதுக்குக் கோவம் வந்துரும்."

தட்டினான். ஓங்கித் தட்டினான். "மெஷினையா தட்டறீங்க? மெதுவா" என்று அவன் கையைப் பிடித்துத் தட்ட வைத்தாள். பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொன்னாள். அவனும் சளைக்காமல் மடித்தான். பட்டன் அக்கா தையலை விட்டுவிட்டுச் சிரித்தாள், கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். எதிர் மேஜையில் பெரியவளுக்கு ஒவ்வொரு தட்டும் தன் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது. இரவு சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டாள். ஒருவகையில் அது உண்மைதான்.

மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் கொடி இருந்தும் இல்லாத கதை. அத்தனை துணியும் டிரையர் வாயில்தான் போய் வர வேண்டும். லாட்ஜ் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. டிரையரின் அடியில் ஒரு சல்லடை இருக்கும், துணியிலிருந்து உதிர்கிற தும்பு அதில் வந்து படியும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் காற்றுப் போக வழியில்லாமல் மெஷின் சூடேறி நின்றுவிடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும், பெரியவளுக்கு நன்றாகவே தெரியும். மத்தியானத்தில் சின்னவள் லாட்ஜ் வேனோடு உலர்ந்த துணியைக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்துவிட்டு வருவாள். அந்த நேரம் பார்த்து டிரையர் நிற்க ஆரம்பித்தது.

மெக்கானிக் நனைந்துகொண்டு ஓடி வந்தான். சல்லடையை உருவினான். எடுத்த தும்பையே திரும்ப அமுக்கி வைத்த மாதிரி கெட்டியாக இருந்தது.

"யாரு இதைப் பாக்கறது? சின்னவகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"அவளுக்கு இப்பல்லாம் கவனம் எங்க இருக்கு" என்றாள் பெரியவள். டார்ச்சை அவள்தான் பிடித்திருந்தாள்.

சாயங்காலம் வந்த சின்னவளை அவன் நாலு வார்த்தை கேட்டான். "நான் எடுத்துட்டுத்தாங்க போனேன்" என்றாள் அவள். "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றான். சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெரியவள் குனிந்து சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுபடி நின்றது. மறுபடி வந்தான். அதற்கடுத்த தடவை வந்தவன் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் அடைக்கறீங்க" என்றான்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததுதான். ஆனால் சொல்லவில்லை.

"ஆமா."

"ஏங்க?"

"வேற எப்படி உங்களை இங்க வரவைக்கிறது?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டேன்னு சொன்னீங்களாமே" என்றான். அத்தனை நாளும் அது அவன் உள்ளேயே முள்ளாகக் கிடந்திருக்கிறது.

அவன் பாதி குடித்து வைத்த டீ டம்ளர் மெஷின்மேல் இருந்தது. பெரியவள் அதை எடுத்து, அவனைப் பார்த்துக்கொண்டே மீதியைக் குடித்தாள்.

பாவி மனுஷன், அதோடு போயிற்று அவன் நிதானம். எழுந்திருக்கும்போது எண்ணெய்க் குவளையைத் தட்டிவிட்டான். நீலச் சட்டை முன்பக்கம் பூராவும் எண்ணெய். "கழட்டிக் குடுங்க" என்றாள். பனியனோடு மழையில் போனான். அவன் சட்டையை அவள் மெஷினில் போடவில்லை. கையால் கசக்கினாள், கறை போகிறவரைக்கும் கசக்கினாள். மறுநாள் சின்னவள் வேனில் ஏறிப்போனதும் உலர்ந்த சட்டையை எடுத்துத் தேய்த்தாள். அம்மா மாடியில் கண்ணயர்ந்திருந்தாள், பட்டன் அக்காவுக்குக் காய்ச்சல். யாரும் இல்லை. மனசு எங்கேயோ பறந்துகொண்டிருந்தது, கை பாட்டுக்கு மடித்தது. பேப்பரில் சுற்றி, வந்தவன் கையில் கொடுத்தாள். வாங்கும்போது, சின்னவளைப் பார்த்த அதே பார்வையால் அவன் இவளைப் பார்த்தான். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துச் சின்னவள் லாட்ஜிலிருந்து வருகிற வழியில் இறங்கி, அவனுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வரலாம் என்று அவன் அறைக்குப் போனாள். கோபமாகப் பேசுகிறவனைச் சமாதானம் பண்ணலாம் என்று நினைத்திருப்பாள். அவன் இல்லை, சாவி இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். கட்டில்மேல் நீலச் சட்டை இருந்தது. அவன் அதைப் போட்டுக்கொள்ள மனசில்லாமல் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான். சின்னவள் சட்டையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள்.

கடைக்குள் வந்தவள் குடையைக்கூட மடக்கவில்லை. சட்டையைப் பெரியவள் மேஜைமேல் வைத்தாள், கவிழ்த்து வைத்தாள். செருகின பட்டிகள் மேலே தெரிந்தன.

"இது யாரு கை அக்கா?"

பெரியவள் பார்த்தாள். திருடனைப் பிடித்துக் கை கட்டின மாதிரிதான் இருந்தது.

"எண்ணெய் பட்டுருச்சு. துவைச்சுக் குடுத்தேன். அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? நம்பர் குத்தலை. அம்மாவுக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அந்த மனுஷன் நான் கெஞ்சிக் கேட்டும் குடுக்காத சட்டை இது."

"அதுக்கு இப்ப ஊரைக் கூட்டணுமா?"

"மெஷின் நின்னதெல்லாம் நான் இல்லாதப்பதானே அக்கா?"

தையல் மெஷின் நின்றுவிட்டது. பட்டன் அக்கா வாயைத் திறக்காத நாள் அந்த ஒரு நாள்தான். அம்மா கவுன்டரை விட்டு எழுந்து வந்து, "எதுவா இருந்தாலும் மாடிக்குப் போய்ப் பேசுங்கடி" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவனே வந்து சேர்ந்தான். கட்டிலில் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்திருக்கிறான், சட்டையைக் காணவில்லை என்றும் பார்த்திருக்கிறான்.

சின்னவள் அவனிடம் கத்தவில்லை. "சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழைத்தண்ணீர் அவன் தலையிலிருந்து சொட்டியது. "நான் முதல்ல கேட்டது உங்க அக்காவைத்தானே" என்றான்.

சின்னவள் தன் மேஜைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

அம்மா அவள் தோளைப் பிடித்தாள். "அடியே, அவ புத்தி தெரிஞ்சதுதானே..."

"தெரியும்மா. குடுத்துடுன்னு சொல்லப்போற. நீ சொல்லவேண்டாம், நானே குடுத்துட்டேன்." அக்காவிடம் திரும்பினாள். "சின்ன வயசுல என் தட்டுல இருக்கறதை வாங்குவ. வாங்கிட்டுப் பாதில ஒதுக்குவ. ஒதுக்கினதை எடுத்து நான் தின்னுட்டு, அப்பாடா திரும்பக் கெடைச்சுதேன்னு சந்தோஷப்படுவேன். இந்தத் தடவை நீ ஒதுக்கினாலும் நான் எடுக்கமாட்டேன். அதை மட்டும் நல்லாக் கேட்டுக்க."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். அந்த நிமிஷத்தில் பெரியவள் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஈரத்தில் அவன்மேல் கிரீஸ் வாசம் தூக்கலாக அடித்தது.

அவள் ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். அம்மா விடவில்லை. அத்தனை வருஷமும் அவளுக்குக் கொடு கொடு என்று சொன்ன அம்மா, அன்றைக்குத்தான் வேறு மாதிரி பேசினாள்.

"வேணாம்னு மட்டும் இப்ப சொல்லிடாத. உன் வாயிலருந்து அது வந்துச்சு, நான் உயிரோட இருக்கமாட்டேன். நீ கேட்டது உனக்கு. நீதான் வெச்சுக்கணும்."

மழை ஓய்ந்ததும், சொன்ன நாளிலேயே கல்யாணம் நடந்தது. பெண்தான் வேறு. சின்னவள் அதற்கு முன்பே வெளியூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னல் மேஜை காலியாகக் கிடந்தது. பட்டன் அக்கா அதன்மேல் நூல்கண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டாள். பெரியவளிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள்.

மெக்கானிக் மாடிக்குக் குடிவந்தான். நல்லவன்தான். சம்பாத்தியத்தை ஒழுங்காகக் கொடுத்தான், குரலை உயர்த்தவில்லை. ஆனால் பெரியவளுக்கு அவன் பக்கத்தில் இருப்பதும் பீரோ இருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. சாப்பிடுகிறபோது தாடை அசைகிற விதம் கண்ணில் பட்டது. நகத்தில் கறுப்பு ஏறியிருந்தது. யார் பிரஷ் போட்டுத் தேய்க்கிறது? எதற்காக இவனை நினைத்துப் பட்டினி கிடந்தோம் என்று யோசித்துப் பார்ப்பாள், ஞாபகமே வராது. அந்தப் பார்வை? அதையும் அவன் எங்கேயோ வைத்து மறந்துவிட்டான் போல. ஒருநாள் தன்னை அறியாமல் அவன் உட்கார்ந்த வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டன் அக்கா பார்த்துவிட்டு, "அப்பவே சொன்னேன், டம்ளரைப் புடுங்காதேன்னு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழைக்கு முன்னால், ஒரு காகித ஆலையில் மெஷின் மாட்டுகிற வேலை என்று அவன் வெளியூர் போனான். ஒரு வாரம் கழித்து வந்தான். அவன் குளிக்கப் போனபோது, பெரியவள் அழுக்கெடுக்கலாம் என்று பையைத் திறந்தாள்.

மேலாக ஒரு சட்டை இருந்தது. மடித்திருந்தது. அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கைகள் நேராக இறங்கியிருந்தன. பட்டிகள் செருகவில்லை. அடிநுனி மேலே ஏறியிருந்தது. இந்த உலகத்தில் எத்தனை சட்டைக்கு நடுவில் வைத்தாலும் அந்த மடிப்பை அவள் எடுத்துக் காட்டுவாள்.

காகித ஆலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சின்னவள் வேலை பார்க்கிற ஊருக்குப் போகிற அதே ரோடு.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

"அவளைப் பாத்தியா?"

"யாரை?"

"நடிக்காத. சின்னவளைப் பாத்தியா இல்லையா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? ஆலைக்குள்ளயே சாப்பாடு, ஆலைக்குள்ளயே படுக்கை. வேணும்னா கூட வந்தவங்களைக் கேட்டுக்க."

"அப்ப இது யாரு மடிச்சது?"

அவன் சட்டையைப் பார்த்தான். "நான்தான்."

"பொய்."

"அட, நான்தான்டி மடிச்சேன். பையில இடம் இல்லை. சும்மா திணிச்சா கசங்குமேன்னு மடிச்சேன். இதுல போய்ப் பொய் சொல்லுவாங்களா?"

"அப்ப மடிச்சுக் காட்டு."

"இப்பவா?"

"இப்பவே. என் கண்ணு முன்னால மடி."

கொடியில் கிடந்த இன்னொரு சட்டையை உருவி அவன் மேல் எறிந்தாள். கீழே அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மேலே காது கொடுப்பது தெரிந்தது, தெரியட்டும். அவன் தலையில் அடித்துக்கொண்டு கட்டிலின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். சட்டையைக் கவிழ்த்துப் போட்டான். கறுப்பேறின நகங்களோடு கனத்த விரல்கள் துணிமேல் நடந்தன. கைகளை முறுக்காமல் நேராக இறக்கினான். அடியை மேலே மடித்தான். திருப்பிப் போட்டான். அவன் மனசு அதில் இல்லை. என்ன பெண்டாட்டி இவள் என்ற அலுப்புத்தான் முகத்தில் இருந்தது.

கடைசியில், எழுந்திருக்கிறதுக்கு முந்தி, உள்ளங்கையால் காலரில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

தட்டினது அவனுக்கே தெரியவில்லை. "போதுமா?" என்று கேட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை. அடுத்த பஸ் பிடித்துப் போய்த் தங்கையின் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது? வயிற்றில் பழைய தீ குப்பென்று பற்றிக்கொண்டது. அந்த அகலமான கையையும், குனிந்திருந்த ஈரக் கழுத்தையும் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தபடி நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லாத அளவுக்கு அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.